மூன்றாம் மதிப்பெண்

முதல் மதிப்பெண்கள் என்னுடையவை அல்ல.
உறைகளின் வலது மூலையில், நீல மையில்,
நூற்றுக்கு இத்தனை என்று போட்டவர்
அ. தேவசகாயம், கடற்படைத் தளம், செம்பவாங்.
முழு எண்ணில் நிற்கிற மனிதரில்லை.
அறுபத்து மூன்று. எழுபத்தொன்றரை.
அந்த அரை எதற்கு என்று
இருபத்தெட்டு வருடமாக யோசிக்கிறேன்.

இரண்டாவது மதிப்பெண், பென்சிலில், நான்.
சுங்கை ரோட்டில் தார்ப்பாய்மேல் கிடந்த முப்பத்தொரு தட்டுகளை
நாற்பது வெள்ளிக்கு வாங்கி
மழைக்கு முன் டாக்சி பிடித்தபோது
எனக்கு வயது இருபத்து நான்கு.
பத்துக்குப் போட்டேன், கொஞ்சமும் இரக்கமில்லாமல்.
கெரொன்சோங்குக்கு இரண்டு: ‘தூக்கம்.’
நாகசுரத்துக்கு நான்கு: ‘கல்யாண மண்டபம்.’
ஒன்றே ஒன்றுக்குப் பத்து.
அதைப் பிறகு சொல்கிறேன்.

இன்று பொது விடுமுறை. தோ பாயோ முழுக்க மழை.
துணிக் கம்புகளை உள்ளே இழுத்துவிட்டு
புது முள் மாட்டி உட்கார்ந்தேன்.
பேனா சிவப்பு, வேண்டுமென்றே.

கெரொன்சோங் முதலில்.
பாடுகிற பெண்ணுக்கு அவசரமே இல்லை.
ஒவ்வொரு சொல்லையும் ஈரத்துணி போல
உதறி, நீவி, கொடியில் போடுகிறாள்.
இதையா தூக்கம் என்றேன்?
தூக்கத்தை மாத்திரையாக வாங்குகிற வயதில்தான்
வித்தியாசம் தெரிகிறது.
எட்டு.
தேவசகாயம் எண்பத்திரண்டு போட்டிருக்கிறார்.
சரி ஐயா, நீங்கள் ஜெயித்தீர்கள்.

நாகசுரம் அப்படியே நான்கு.
ஒலிப்பதிவு செய்தவன் தவிலைத் தூக்கி
நம் தலைமேல் வைத்திருக்கிறான்.
தொண்ணூறு கொடுத்தவரோடு
இதில் எனக்குச் சமாதானமில்லை.

பத்து வாங்கிய தட்டு, சினிமாப் பாட்டு.
அன்று பக்கத்தில் கமலக்கண்ணன் இருந்தான்,
தரையில் படுத்து, கண்ணை மூடி,
கால் கட்டைவிரலால் தாளம் போட்டுக்கொண்டு.
அந்தப் பத்தில் ஆறு கட்டைவிரலுக்கு.
கழித்தால் நான்கு வருகிறது.
இடையில் வரும் ஒரு வயலினுக்காக ஐந்து.
அவன் இப்போது பெர்த்தில்,
நீச்சல்குளம் கட்டிக்கொடுக்கிறான்.

வெள்ளைக்காரப் படையின் வாத்திய இசை:
நான் முள்ளே வைக்கவில்லை.
அவரும் வைத்ததில்லை போல, கண்ணாடியாக மின்னுகிறது.
ஆனாலும் கணக்காக ஐம்பது.
அரை இல்லை, மேலே கீழே ஒன்றுமில்லை.
மேலதிகாரி கொடுத்ததாக இருக்கும்.

பிற்பகல் ஆகிவிட்டது.
கோப்பி ஆறி ஆடை கட்டியது.
இருபத்தாறாவது உறையில் நீல எண் இல்லை.
தேதி மட்டும்: அக்டோபர் 1971,
தளத்தைக் காலி செய்த மாதம்.
அதன் கீழே என் பென்சில்: ‘கீறல். வேண்டாம்.’
முள்ளை வைத்தேன்.
வெளியே பெய்கிற மழைக்குள் இன்னொரு மழை.

விளக்கடியில் சாய்த்துப் பார்த்தேன்.
முதல் பாட்டு கறுப்பு. மூன்றாம் பாட்டு கறுப்பு.
நடுவே விரற்கடை அகலத்துக்குச் சாம்பல்.
அந்த ஒரு பாட்டில் மட்டும்
எத்தனை நூறு தடவை முள் இறங்கியிருக்கும்!
பாடுவது ஆணா பெண்ணா, தெரியவில்லை.
சொல் தேய்ந்துவிட்டது. மெட்டும் பாதி தேய்ந்துவிட்டது.
மூச்சு வாங்குகிற இடங்கள் மட்டும் மிச்சம்.
தேவசகாயம், அரை மதிப்பெண்ணைக்கூட விடாத உமக்கு
இதற்கு ஒரு எண் கிடைக்கவில்லையா?

முள்ளைத் தூக்கி மறுபடியும்
அந்தச் சாம்பலில் இறக்கினேன்.
ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் தேயும்.
தேயட்டும்.
சிவப்புப் பேனாவை மூட மறந்திருக்கிறேன்,
மறுநாள் எடுத்தபோது காய்ந்திருந்தது.

அன்று இரவு குப்பை போட இறங்கினேன்.
மின்தூக்கியில் கீழ்வீட்டுத் திருமதி ஓங்,
“உங்கள் ரேடியோ கெட்டுவிட்டதா?
ஒரே இரைச்சல். ஒன்பது தடவை” என்றார்.

ஒன்பதா?
நான் எண்ணவில்லை.