சிட்டை

பழைய சோனகத் தெருவில்
ஆணிக்குக் குறைவில்லாத கடை எங்களுடையது.
திறாங்கு, பிணைச்சல், கொழுக்கி, வாஷர்,
எதைக் கேட்டாலும் றஹ்மதுல்லா முதலாளி
கண்ணை மூடிக்கொண்டே எடுப்பார்.
அந்த மிஸ் மட்டும்
எடுத்ததை எல்லாம் காதருகே கொண்டுபோய்
நகத்தால் தட்டிப் பார்த்தாள்.
"இது வேண்டாம். இதற்குக் குரல் இல்லை."

முதலாளி என்னைப் பார்த்தார்.
இருபது வருடமாக
கிலோக் கணக்கில் விற்ற சாமான்.

மிஸ் டெல்ரீன் ஃபொனாண்டர்,
பம்பலப்பிட்டி, பியானோ ரீச்சர்.
ஆறு மரையாணி, கால் அங்குலம்.
திருகாணி எட்டு. அழிறப்பர் துண்டு நாலு.
யன்னல் இடுக்கில் ஒட்டும் றப்பர் பட்டி ஒன்றரை முழம்.
எங்கே பூட்டப் போகிறீர்கள் என்றேன்.
"பியானோவின் வயிற்றுக்குள்."

பித்தளைச் சாமான் வர ஒரு கிழமை ஆயிற்று.
கொண்டுபோய்க் கொடு என்றார் முதலாளி.

அது இரண்டாயிரத்து எட்டு.
கொள்ளுப்பிட்டிச் சந்தியில் பஸ்ஸை மறித்தார்கள்.
என் அடையாள அட்டையில் பிறந்த இடம் நெல்லியடி.
என் பையில் ஒன்றரைக் கிலோ ஆணி.
சிட்டையோடு சேர்த்துக் குத்தியிருந்த தாளில்
மிஸ்ஸின் சரிந்த எழுத்து:
கீழிருந்து ஒன்பதாவது,
இரண்டாம் கம்பிக்கும் மூன்றாம் கம்பிக்கும் நடுவே,
முனையிலிருந்து ஒன்றே முக்கால் அங்குலம்.

கம்பி. முனை. அங்குலம்.
வாசிக்க எனக்கே பயமாக இருந்தது.

"பியானோவட்ட, சேர்."
சிரித்தான்.
சிரித்தபடியே கதிரையைக் காட்டினான்.

மூன்று மணித்தியாலம்.
பிறகு திறீவீலரில் மிஸ் வந்து இறங்கினாள்,
மடியில் குழந்தை மாதிரி இசைப் புத்தகம்.
விரித்து வைத்து விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னாள்:
போன நூற்றாண்டின் நடுவில் ஒருவன் எழுதியது, சேர்.
அவனும் ஆணிக் கடைக்குப் போனவன்தான்.

அதிகாரி தாளைப் பார்த்து
ஒவ்வொன்றாய் எண்ணி மேசையில் வைத்தான்.
மரையாணி ஐந்துதான்.
ஆறாவது எங்கே?
எல்லோரும் குனிந்தோம்:
மிஸ், நான், துவக்கை முதுகுக்குத் தள்ளிவிட்டு
அந்தச் சிரித்த பொடியனும்.
அவன்தான் கண்டெடுத்தான், மேசைக் காலடியில்.
துடைத்துக் கொடுத்தான்.

திரும்பும் வழியில் மிஸ் இன்னொருவனைப் பற்றிச் சொன்னாள்.
ரஷ்யாக்காரன். சிம்பொனி எழுதுகிறவன்.
இரவில் பிடித்துப்போக வருவார்கள் என்று
பிள்ளைகள் பார்க்கக் கூடாதென்று
பெட்டியைக் கட்டிக்கொண்டு
லிஃப்ட் வாசலில் போய் நிற்பானாம்.

எங்கள் லொட்ஜில் லிஃப்ட் இல்லை, மிஸ், என்றேன்.
அதற்குப் பிறகு
வெள்ளவத்தை வரை அவள் பேசவில்லை.
பம்பலப்பிட்டியைத் தாண்டிவிட்டோம் என்று
சாரதிதான் சொன்னான்.

கச்சேரிக்கு முன்வரிசை டிக்கட் தந்திருந்தாள்.
கோயில் மண்டபத்தில் இருபத்து மூன்று பேர்.
பியானோச் சத்தமே இல்லை அது.
கிணற்றுக்குள் விழுந்த சேமக்கலம்,
தகரத்தில் முதல் நாலு துளி,
பூட்டிய வீட்டுக்குள் யாரோ பாத்திரம் அடுக்குவது.
பாதியில் கரையோர ரயில் போயிற்று.
அவள் நிறுத்தவில்லை.
ரயிலும் தாளில் இருந்தது போல்தான் கிடந்தது.

பிறகு ஓரிடத்தில்
அடியிலிருந்து ஒன்பதாவது கட்டை:
டொங், அதன் பின்னால் ஒரு சின்னக் கரகரப்பு,
தொண்டை செருமுவது மாதிரி.
மேசைக் காலடியில் கிடந்தது அதுதான் என்று
எனக்குத் தெரிந்தது.
எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள்.

அடுத்த நாள் மேசன் பாஸ் ஒருவர் மரையாணி கேட்டார்.
காதருகே கொண்டுபோனேன்.
"நிறு" என்றார் முதலாளி.

அன்றிரவு கொட்டாஞ்சேனை லொட்ஜில்
படியேறும் சப்பாத்துகள்.
முன்பென்றால் போர்வைக்குள் சத்தமாகத்தான் இருந்திருக்கும்.
இப்போது எண்ணுகிறேன்:
நாலு, நாலு, மூன்று,
நடுவில் ஒரு நீண்ட இடைவெளி
என் கதவுக்கு நேரே.
பிறகு மறுபடி நாலு,
மேல் மாடிக்கு.