கிழக்கு வேலி மரம்

பொன்மனைச் சரிவில், ரப்பர்த் தோட்டத்து வேலியோரம் ஒன்று நிற்கிறது.
ஆப்பிரிக்கக் காட்டு மரமாம்; இங்கே யாரும் பெயர் வைக்கவில்லை.
பிள்ளைகள் மட்டும் பீச்சாங்குழல் என்பார்கள்:
மொட்டின் நுனியைக் கிள்ளினால்
முகத்தில் அடிக்கும் தண்ணீர், சட்டையில் கறை.

ஒரு காம்பில் பதின்மூன்று சிற்றிலை. எண்ணினேன்.
புலிநகமாய் வளைந்த புல்லி ஒருபக்கம் கிழிந்து
உள்ளங்கை நிறையச் சிவப்புக் கிண்ணம்,
விளிம்பில் மஞ்சள் நூல்.
காய், நிமிர்த்தி வைத்த வள்ளம்.
பிளந்தால் வெங்காயச் சருகுபோல் சிறகுகள்,
ஒவ்வொன்றின் நடுவிலும் விதை.
கட்டை விறகுக்கும் கொள்ளாது.

பெட்டி வைக்க வந்த காலையில் ஒரு பூவைக் கவிழ்த்தேன்.
ஏழு சிறுதேனீ, கால் ஒட்டி, செத்து.

"வெட்டிரட்டுமா?" பால்வெட்டுக் கத்தியோடு ஞானாபரணம்.
அவர் பின்னால் இருநூறு ரப்பர்;
அதுவும் கப்பலேறி வந்ததுதான்.
பூவைக்கூடக் கேட்காமல், தளிர்க்காம்பில் தேன் கசிந்து
என் பெட்டிகளை நிறைக்கிறது.

"செத்தது ஒம்ம பெட்டி ஈயா?"
இல்லை. மதில் பொந்தில் இருப்பவை.
"பின்னே நிக்கட்டும்."
அடுத்த மரத்துக்குப் போய்விட்டார்.

பெட்டிகளை நாலு வரிசை மேற்கே தள்ளி வைத்தேன்.
ஏழையும் தீப்பெட்டியில் போட்டுக்கொண்டேன்,
எதற்கென்று தெரியாமல்.