மூதாய்

பால்ஸ்தாலுக்கு மேலே, இன்னும் அறுக்காத சரிவில்
காலை ஏழு மணிக்குப் பட்டாம்பூச்சிகளுக்குப் பறக்க வராது.
பனி காயும்வரை
புல்நுனிதோறும் மடித்து வைத்த சதுரங்கப் பலகைகள்.
விழிக்குமுன் எண்ணிவிட வேண்டும்.
மணிக்கு இருபத்தாறு பிராங்க், பேருந்துக் காசு தனி.

முதலாவது: ஆண். நெஞ்சில் மூன்று சிவப்பு.
இரண்டாவது: சுத்தம்.
மூன்றாவதைப் பார்த்ததும் லென்ஸைத் துடைத்தேன்.
பதினொன்று.
கழுத்தடியில் ஏழு, இறக்கை முளைக்கும் இடத்தில் மூன்று,
கண்ணுக்குக் கீழே ஒன்று,
குங்குமம் வைத்த விரல் நடுங்கியதுபோல்.
பட்டாம்பூச்சிக்குச் சிவந்த ரத்தம் கிடையாது.
இந்தச் சிவப்பு உண்ணிகளின் சொந்தச் சரக்கு.

எல்லாம் குஞ்சுகள். ஆறே கால்கள்.
குடித்து முடித்ததும் உதிரும், மண்ணுக்குள் போகும்,
எட்டுக் காலோடு பட்டுடுத்தி எழும்,
தானே வேட்டையாடித் தின்னும்.
மழைக்குப் பின் நாம் தம்பலப்பூச்சி என்று
உள்ளங்கையில் ஊரவிடுவது அந்த வயசைத்தான்.
பழம்பாட்டில் அதற்கு மூதாய் என்று பேர்.
தாயானதற்குப் பேர் வைத்தார்கள்.
கடித்துத் தொங்கிய காலத்துக்கு
ஒருவரும் வைக்கவில்லை.

"பாவமில்லையா?" என்றேன் உர்சினாவிடம்.
"பறக்கவிட்டுப் பார்த்தாயிற்று.
சுமப்பதும் சுமக்காததும் ஒரே தூரம்தான் போகின்றன,"
ரொட்டியை மென்றுகொண்டே சொன்னாள்.
நான் நம்பவில்லை.
நம்பாததை எழுதப் படிவத்தில் கட்டமில்லை.

வெட்டுக்கிளி ஒன்றின் இறக்கைக்கடியிலும்
ஒளித்துவைத்த மாதுளைமுத்துகள்.
எண்ணுமுன் தத்திவிட்டது.
'இரண்டோ மூன்றோ' என்று எழுதினேன்.
அப்படி எழுதக் கூடாதாம். அடித்தேன்.

எட்டரைக்கு வெயில் சரிவைத் தொட்டது.
பலகைகள் திறந்தன.
பதினொன்றைச் சுமந்ததும் எழும்பிற்று
ஊதா முட்பூவை நோக்கி,
கொஞ்சம் சாய்ந்து.
காற்றாகவும் இருக்கலாம்.

இரவு காலுறையைக் கழற்றும்போது
இடது முழங்காலின் பின்மடிப்பில்
ஓர் எள். தட்டினால் விழாத எள்.
சிவப்பு இல்லை. தூரத்து உறவு, கறுப்பு,
இதற்கு என் ரத்தமே சரி.
கொறடு தேடப் போன கையில்
படிவம்தான் அகப்பட்டது.

நேரம்: 22.40.
இடம்: சமையலறை நாற்காலி.
பால்: பெண்.
உண்ணிகள்: ஒன்று.
பறத்தலில் மாற்றம்:

அந்தக் கட்டத்தில் பேனாவை ஊன்றியபடி
கொஞ்ச நேரம் இருந்தேன்.
அது குடித்துக்கொண்டிருந்தது.