ஒருவர் மட்டும்

வியாழன் இரவு ஒன்பதரை. ரூவியில் சம்பள நாள்.
கீழே பணமாற்றுக் கடை வாசலில் வரிசை
மருந்துக்கடை ஷட்டர் வரை நீண்டு நிற்கிறது.
இந்த வரிசையே வேண்டாம் என்றுதான்
செயலியை எழுதினோம்.

புகார் எண் 4117.
பர்காவில் டைல்ஸ் ஒட்டும் அடைக்கலசாமி.
"உள்ள போனதும் மூடிக்குது மேடம்.
மூணு தடவ அழிச்சுப் போட்டுப் பாத்துட்டேன்."
என் போனில் மூடவில்லை.
ஜோஸ்லின் போனிலும் மூடவில்லை.
நெட்வொர்க்காக இருக்கும் என்று
ஒரு மாதமாகப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன்.

சர்வரிலிருந்து எது வந்தாலும்
ஒரே உறைதான் தைத்து வைத்திருந்தேன்:
நிலை, செய்தி, உள்ளே ஒரு டி.
டி எதுவாகவும் இருக்கலாம்.
இருப்பு, ரசீது, இன்றைய மாற்று விலை,
பெறுநர் பட்டியல்.
ஒரு தடவை எழுதினால் போதும் என்கிற
சோம்பேறியின் கர்வம் அதில் உண்டு.
ஓடத் தொடங்கியதும் அதற்குப்
பட்டியல் என்பது நினைவிருக்கும்,
எதன் பட்டியல் என்பது மறந்துவிடும்.
ஒவ்வொரு தடவையும் காதில் ஓதி அனுப்ப வேண்டும்:
பெறுநர், பெறுநர்.
ஓதித்தான் அனுப்பியிருந்தேன்.

சர்வர் ஹொசாமுடையது. பழசு.
ஐந்து பேர் என்றால் பட்டியலாகத் தருகிறது,
இரண்டு பேர் என்றாலும்.
ஒரே ஒருவர் என்றால் மட்டும்
சதுர அடைப்பைக் கழற்றிவிட்டு
ஆளை அப்படியே வெளியே நிறுத்துகிறது.
பட்டியலுக்குக் கை நீட்டி நிற்கும் என் நிரல்
தனியாளைக் கண்டதும் மயங்கி விழுகிறது.

ஆக, மாதம் முழுக்க விழுந்தவர்கள்
ஊரில் ஒரே ஒருவருக்குப் பணம் அனுப்புகிறவர்கள்.
நூற்றுப் பன்னிரண்டு பேர். எண்ணினேன்.

இருந்தாலும் கண்ணால் பார்க்க வேண்டும்.
என் ஐந்து பெறுநர்களையும் திறந்தேன்.
வீட்டுக்கடன் வங்கி. நீக்கு. நிச்சயமா? ஆம்.
சீட்டுக் கம்பெனி. ஆம்.
தம்பியின் காலேஜ்,
அவன் படித்து முடித்தே இரண்டு வருடம். ஆம்.
கொழுந்தன்.
நிச்சயமா என்று இதற்கும்
அதே எழுத்தளவில்தான் கேட்கிறது.
ஆம்.

மிச்சம் ஒன்று.
பெறுநர்: நான்.
பல்லாவரம் கிளை. சேர்த்தது 2019.
இதுவரை அனுப்பியது 0.000.
ரியாலுக்கு மூன்று தசமம்,
அதனால் ஒரு பூஜ்யம் கூடுதல்.

வெளியே வந்து மறுபடி உள்ளே போனேன்.
மூடிக்கொண்டது.

ஏசி நின்று, யோசித்து, மறுபடி ஓடியது.
ஜோஸ்லினுக்குச் செய்தி போட்டேன்: கிடைத்துவிட்டது.
எப்படி என்று கேட்டாள். அதற்குப் பதில் போடவில்லை.

திருத்தம் நான்கு வரி.
வருவது தனியாள் என்றால்
இரு பக்கமும் ஒரு சதுர அடைப்பைப் போடு.
ஒருவர் இருந்தாலும் பட்டியல்தான்.

சனிக்கிழமை அப்டேட் போனது.
அன்று மாலையே அடைக்கலசாமி அனுப்பிவிட்டார்:
62.500, பெறுநர் பவுலின்மேரி,
உறவு என்ற கட்டத்தில் 'பிற'.
சரியாகப் பிரிந்து, சரியான வகையில்
போய் உட்கார்ந்தது.

என் நால்வரையும் மறுபடி சேர்க்க
ஒவ்வொன்றுக்கும் ஓடிபி,
ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் காத்திருப்பு.
வங்கியைச் சேர்த்தேன். சீட்டைச் சேர்த்தேன்.
கொழுந்தனின் கணக்கு எண் எழுதிய தாள்
மேசையில்தான் எங்கோ இருக்கிறது.