பச்சையாக இருக்கும்போது

கோஜனப்பில் அந்த ஆண்டு மழை தப்பவில்லை.
க்ளோவர் முழங்கால் தொட்டது.
துவைத்த போர்வையில்கூடப் பச்சை வாசம்.

முந்நூற்றுப் பன்னிரண்டு பெட்டைச் செம்மறிகள்.
நாற்பத்தொரு குட்டிகள்.
கணக்கு நோட்டு என் பொறுப்பு,
இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன்.

ஆடுகள் கொழுகொழுவென்றுதான் இருந்தன,
அதுதான் வயிற்றெரிச்சல்.
க்ளெம் கிடாக்களைச் சந்தேகித்தான்.
வங்கிக் கடனில் புதிதாக ஆறு வாங்கினான்,
அவையும் தம் வேலையைக் குறைவில்லாமல் செய்தன.
அப்புறம்தான் வாய்க்கு வந்தது அந்தச் சொல்:
மலடு.
சொன்னவர்கள் என் பக்கம் திரும்பவில்லை.
கல்யாணமாகி நாலு வருஷம்.
அடுப்பில் கெட்டில் ஊளையிட்டது, இறக்கினேன்.

காயடித்த கிடா ஒன்றுக்கு மடி இறங்கியது.
அமுக்கினால் பால்.
மயிர் கத்தரிக்க வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.
இரண்டாவதுக்கும் இறங்கியபோது
சிரிக்கவில்லை.

வேளாண்துறை விடோவிச்
பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு வந்து
மேசைமேல் ஒரு தண்டை வைத்தார். மூன்று இலை.
"இதுதான்."
"இதுவா?"

இலைக்குள் ஒரு சத்து.
அசைபோடும் வயிற்றின் நுண்ணுயிர்கள்
அதைச் செதுக்கி வேறொன்றாக்கி
ரத்தத்தில் விடுகின்றன.
கருப்பையின் செல்களில் நாற்காலி போட்டிருக்கிறது,
பெண் ஹார்மோன் வந்து உட்கார.
வந்து உட்கார்ந்தது
புல்.
அதே தோள், அதே உயரம்,
செல்லுக்கு ஆள் மாறாட்டம் தெரியவில்லை.
வந்ததும் எழுந்து போகவில்லை,
பருவம் முழுக்க.

"காய்ந்தால் வீரியம் போய்விடும்" என்றார்.
"பச்சையாக இருக்கும்போதுதான் ஆபத்து."

நிலத்தைப் புரட்டி வேறு விதை போட்டோம்.
பெட்டைகள் லாரி ஏறின.

இருபத்தெட்டு வருஷம் கழித்து,
நடுநிசியில் கழுத்தடியில் தீப்பிடித்து
ஜன்னலைத் திறந்துபோட்டு நிற்கிற வயதில்,
பெர்த் மருந்துக்கடையில் ஒரு அட்டைப்பெட்டி.
முன்பக்கம் க்ளோவர் பூ.
எங்கள் வகை இல்லை, சிவப்பு,
அதற்குச் சித்தி மகள் முறை.
பின்பக்கம் பொடி எழுத்தில் அதே சத்தின் பெயர்.
கண்ணாடி போட்டுப் படித்தேன்.

"முன்னே சாப்பிட்டிருக்கிறீர்களா?" என்றாள் கடைப்பெண்.
நானில்லை, ஒரு மந்தையே சாப்பிட்டது
என்று சொல்லவில்லை.
சில்லறையை எண்ணி வைத்தேன்.

என் நாற்காலிகள் இப்போது காலி.
உரியவள் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாள்.
யாராவது உட்கார்ந்தால் உட்காரட்டும்,
துணி போட்டு மூடிவைத்து என்ன காணப்போகிறேன்.

மாத்திரை நாக்கில் வைக்கோலாக ருசித்தது.
காய்ந்தால் போய்விடும் என்றாரே விடோவிச்.

அன்றிரவும் ஜன்னலைத் திறந்தேன்.
மூன்றாம் வாரம் பாதிதான் திறந்தேன்.
ஏப்ரல் பிறந்துவிட்டது,
வெளியே குளிரும் வந்திருந்தது.