நாலாம் தொட்டிச் செல்வன்

ஏறாவூர் ஆதம்லெவ்வை வாளியை இறக்கிவைத்துக் கேட்டார்:
"என்னகா டொக்டர், ஆண்மீன் மட்டும் போதுமா?
செல்வன் எண்டா குழம்புக்கு எல்லாம் ஒண்டுதானே."

குழம்புக்கு ஒன்றுதான்.

வந்தாறுமூலை, விலங்கியல் துறையின் பின்கட்டு.
நாலாம் தொட்டியில் இரண்டு ஆண்கள்.
ஒன்று கறுப்பு. மணலில் குழி தோண்டி
அந்தப் பக்கம் ஒரு நிழலையும் விடாது.
மற்றது வெளிறல்;
வடிகட்டிக் குழாயின் பின்னால்
பெட்டையின் நிறத்தைப் போர்த்துக்கொண்டு
பதினேழு நாளாய்
தீனிக்கு மட்டும் வெளியே வருவது.

கறுப்பின் கறுப்புக்கு வேண்டியதெல்லாம்
வெளிறலுக்குள்ளும் இருக்கிறது,
ஒவ்வொரு நரம்பணுவிலும், ஓர் எழுத்துக் குறையாமல்.
நிதி கேட்டு எழுதிய விண்ணப்பத்தில்
உன்னிச்சைக் குளத்தைச் சொல்லியிருந்தேன்:
துருசுப் பலகை இறங்கியிருந்தால் வயல் காயும்,
குளத்தில் தண்ணீர் இல்லையென்று பொருளல்ல.
கொழும்பிலிருந்து பதில் வந்தது,
உவமைகளைத் தவிர்க்கவும்.

விடிய நாலரை.
இரவல் வாங்கிய இரவுப்பார்வைக் கண்ணாடியோடு
கமலேந்திரன் வலையை இறக்கி
கறுப்பைத் தூக்குகிறான். தண்ணீர் ஒருமுறை அலம்பி அடங்குகிறது.
வெளிறலுக்கு இன்னும் எதுவும் தெரியாது.
இருட்டில் அரசு மாறியிருக்கிறது.

ஐந்து ஐம்பதுக்கு விளக்கைப் போட்டோம்.

நாலாவது நிமிடம் குழாயின் பின்னாலிருந்து ஒரு மூக்கு.
தொட்டியின் நான்கு மூலையும் போய்ப் பார்த்துவிட்டு
குழிக்கு மேலே வந்து நிற்கிறது, தொடவில்லை.
பிறகு, நான் குறிப்பேட்டைப் புரட்டிய நேரத்துக்குள்,
தாடை வெளுத்து மீதி உடல் மையாகத் தொடங்கியிருந்தது.
பதினாலாவது நிமிடம்
வாய் நிறைய மணல் அள்ளி
வெளியே துப்பியது.
முதல் வாய்.

முன்மூளையின் அடியில் கடுகில் பாதி இடம்.
அங்கே ஒரு மரபணு எல்லாருக்கும் முன்னால் எழும்பும்;
கட்டுரைகளில் அதற்கு மூன்றெழுத்தும் ஓர் எண்ணும்.
சஹருக்கு றபான் தட்டி வருகிற பாவாவைப் போல
வீடுவீடாய் மற்றவற்றை எழுப்பிவிட்டு
தான் போய்ப் படுத்துவிடும்.
அதன் செய்தி நிற்பது சொற்ப நேரம்.
இருபதாவது நிமிடத்தில் எடுத்தாக வேண்டும்.
எடுப்பதென்றால்,
எழுத்தில் 'மாதிரி பெறப்பட்டது' என்று வரும்.

கமலேந்திரன் மணிக்கூட்டைப் பார்த்தான்.
என்னைப் பார்க்கவில்லை.

எங்கள் பேராசிரியர் ஓய்வு பெற்ற மறுகிழமை
துறைக் கூட்டத்தில் என் குரல்
வழக்கத்தைவிட ஓரளவு உயர்ந்திருந்ததாம்.
தேநீர் நேரத்தில் நிரோமி சொன்னாள்.
கதிரையையும் சற்று முன்னால் இழுத்துப் போட்டேனாம்.
நான் ஒன்றும் செய்யவில்லை என்றேன்,
உண்மையாகவே நம்பி.

பத்தொன்பதாவது நிமிடம்
அது இரண்டாவது வாய் மணலோடு திரும்பிக்கொண்டிருந்தது.

வலை.

கரண்ட் போயிருந்தது. உறைபெட்டி கத்தியது.
வாழைச்சேனை ஐஸ், றெஜிபோம் பெட்டி,
ஜெனரேட்டர் மூன்றாவது இழுப்பில் பிடித்தது.
ஆர்.என்.ஏ. தப்பியது.

ஏழு கிழமைக்குப் பிறகு
பதினான்கு மைக்ரோன் தடிப்பில் சீவிய துண்டில்
அந்தக் கடுகில் பாதி இடம்
நிறையக் கரும்புள்ளி.
இராசா போகாத தொட்டிகளில் அநேகமாக ஒன்றுமில்லை.
வரைபடத்தில் மூன்று நட்சத்திரம் போட்டோம்.
மாணவர்கள் ரோல்ஸ் வாங்கி வந்தார்கள்.

அன்று காலையே கறுப்பைத் திரும்ப விட்டிருந்தோம்.
குழியின் விளிம்பில் வேறொரு வாய் எடுத்த பள்ளம்.
அதற்கு மேலே நின்றது,
தீனி போட்டும் வரவில்லை.
அது எவ்வளவு நேரம் என்று
நாங்கள் எழுதிவைக்கவில்லை.