கறுப்புக் கூழாங்கல்

மார்ச் மாதம். யூட்லாண்டில் இருட்டு விலகாத காலை.
எஸ்கிலின் கொட்டகையில்
ஆயிரத்து இருநூறு பன்றிக்குட்டிகள்,
பாதிக்கு வயிற்றுப்போக்கு.
சீட்டில் கையெழுத்துப் போட்டவள் நான்:
ஆக்சிடெட்ராசைக்ளின், குடிதண்ணீரில் கலந்து, ஐந்து நாள்,
எல்லாவற்றுக்கும்.

குட்டிகள் பிழைத்தன.
உள்ளே போன மருந்தில் பெரும்பங்கு
போனபடியே வெளியே வந்தது.
சாணக்குழி, பிறகு டேங்கர், பிறகு பார்லி வயல்,
பிறகு ஒரு மழை.
ஓடைக்கு நான் சீட்டு எழுதவில்லை.

மே மாதம் சோல்வை வந்தாள்,
முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், பை நிறையக் குப்பிகள்.
வயலோரம் ஒன்று நிரப்பினாள்.
ஆல்டர் மரங்களைத் தாண்டி,
தண்ணீர் கல்லில் மோதிப் பேசும் இடத்தில் இன்னொன்று.
இரண்டாவதில் மருந்து கால்வாசிதான்.
எங்கே போயிற்று என்றேன்.
குனிந்து, ஒரு கல்லை எடுத்து
என் உள்ளங்கையில் வைத்தாள்.

அடுப்புக்கரி பூசியதுபோல் கறுப்பு.
கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது.
ஜீன்ஸில் தேய்த்தேன், போகவில்லை.

மாங்கனீசு, என்றாள்.
மருந்து மிதந்து வந்து இதன்மேல் உட்காரும்.
உட்கார்ந்ததும் எலெக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்ளும் கல்.
மருந்து உருக்குலையும்.
பிடுங்கிய இடத்தில் கல்லும் கொஞ்சம் கரையும்.
சும்மா கிடைப்பதில்லை எதுவும், கல்லுக்குக்கூட.

எல்லாக் கல்லும் செய்யாது.
சாணத்தின் பழுப்பு படிந்தவை
வாய் கட்டிக் கிடக்கின்றன.
உடைந்த துண்டுகளுக்கு?
இன்னும் பல் இருக்கிறதா அவற்றுக்கு?
தெரியாது, என்றாள்.
வெகுநாள் கழித்து ஒருவர் வாயிலிருந்து
அந்தச் சொல்லைக் கேட்டேன்.

சரி, இந்தக் கறுப்பைப் பூசியது யார்?

சோல்வை சிரித்துவிட்டாள்.
பாக்டீரியா.
நீரில் கரைந்த மாங்கனீசை இழுத்துத்
தம்மைச் சுற்றி உறையாக்கிக்கொண்டு,
செத்தபின் அதை மட்டும் விட்டுப்போனவை.

கொல்லச் சொல்லிக் கையெழுத்திட்டேனே, அந்தச் சாதி.
அதன் கைவேலைதான்
என் கையெழுத்தை அழித்துக்கொண்டிருக்கிறது,
பேர் கேட்காமல், கூலி கேட்காமல்,
தண்ணீருக்கடியில்.

ராத்திரி எஸ்கில் கூப்பிட்டான். இருமல், என்றான்.
அதே மருந்தை எழுதிவிடு, ஐந்து நாளைக்கு.
பேனாவைத் திறந்தேன். தாளின் ஓரத்தில்
என் கட்டைவிரல் கறுப்பாகப் பதிந்தது.

எத்தனை இருமுகின்றன?

எல்லாம்தான்.

இல்லை. உள்ளே போ. எண்ணிச் சொல்.

கதவு கிறீச்சிட்டது. வைக்கோலில் பூட்ஸ் நடந்தது.
போனைக் காதிலிருந்து எடுக்காமல் காத்திருந்தேன்:
ஒன்று, என்றான். நீண்ட இடைவெளி.
இரண்டு.